ஏழு மணி மின்சாரத்தின் விலை

நண்பகலில் விறுவிறுவென்று சுழலும் மின்விசிறி, கம்பியும் சுவிட்சும் ரெகுலேட்டரின் எண்ணும் மாறாமல் இருக்கும்போதே, மாலை ஏழு மணிக்குச் சோர்ந்துபோவது ஏன் என்ற கேள்வி தமிழ்நாட்டின் சிறுநகரத் தெருக்களில் வாழும் எவருக்கும் புதியதல்ல. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் போல வீடுகள் நெருக்கமாக நிற்கும் குடியிருப்பானாலும், கல்வராயன் மலையில் நீண்டு செல்லும் மின்பாதையின் முனையில் இருக்கும் சிற்றூரானாலும், 'லோ வோல்டேஜ்' என்று சொல்லிவிட்டு மக்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் பழகியிருக்கின்றனர்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வி அண்மைக் காலத்தில் எழுந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருபவர் குறிக்கும் எண்ணில், பகல் ஒரு மணிக்குச் செலவான யூனிட்டுக்கும் மாலை ஏழு மணிக்குச் செலவான யூனிட்டுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. அப்படியிருக்க, மோட்டாரை மாலையில் போடாமல் பகலில் போட்டால் கட்டணம் குறையும் என்றும், சில நாடுகளில் அதற்காகப் பணமே கொடுக்கிறார்கள் என்றும் சொல்லப்படுவது எந்தக் கணக்கில் நியாயமாகிறது? இரண்டு கேள்விகளுக்கும் உரிய விடை தெருமுனைக் கம்பத்தில் தொடங்கி, மாநிலத்தின் மின்நிலையங்கள் வரை நீள்கிறது.

கம்பி தின்னும் பங்கு

துணைமின் நிலையத்திலிருந்து 11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை, தெருமுனையில் நிற்கும் மின்மாற்றி, அதாவது மக்கள் வழக்கில் டிரான்ஸ்பார்மர், வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுக்கிறது. அங்கிருந்து வீடுகளுக்குச் செல்லும் கம்பி எவ்வளவு நல்ல உலோகத்தால் ஆனதாக இருந்தாலும் மின்னோட்டத்துக்குச் சிறிதளவு தடை செய்யவே செய்கிறது. கம்பி நீளமாக இருந்தால் தடை கூடும். கம்பியில் ஓடும் மின்னோட்டம் அதிகமானால் அந்தத் தடையைக் கடப்பதற்காக வழியிலேயே இழக்கப்படும் அழுத்தமும் அதே அளவில் கூடும். மாலையில் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும்போது, மின்மாற்றிக்கு அடுத்த வீட்டுக்கு 225 வோல்ட் கிடைத்தாலும் கடைசிக் கம்பத்து வீட்டுக்கு 190 வோல்ட்தான் எஞ்சுகிறது என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது.

அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் மின்விசிறியின் சுழற்று விசையும் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் விசை, அழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவதால், 190 வோல்ட்டில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் நிலை இதைவிட மோசமானது. குறைந்த அழுத்தத்திலும் அதே சுமையை இழுக்க முயலும் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வதால், அதன் கம்பிச்சுருளான 'காயில்' சூடேறிக் கருகுகிறது. அந்தக் கூடுதல் மின்னோட்டம் தெருக்கம்பியில் மேலும் அழுத்தத்தைக் குறைத்து, அடுத்த வீட்டு மோட்டாரையும் அதே சிக்கலுக்குள் தள்ளுகிறது. காயில் கட்டும் கடைகளும் ஸ்டெபிலைசர் விற்பனையும் சிறுநகரங்களில் செழிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கம்பி, அழுத்தத்தை மட்டுமல்லாமல் மின்சாரத்தையும் தின்கிறது. கம்பியில் வெப்பமாக வீணாகும் அளவு மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுவதால், மின்னோட்டம் இரட்டிப்பானால் வீணாவது நான்கு மடங்காகிறது. ஒரு தெருவின் ஒரு குறிப்பிட்ட வேலை முழுவதும் ஒரே மணி நேரத்தில் நடந்தால் நான்கு பங்கு இழப்பு என்று கொண்டால், அதே வேலையை இரண்டு மணி நேரத்துக்குச் சமமாகப் பிரித்து நடத்தும்போது மணிக்கு ஒரு பங்காக மொத்தம் இரண்டு பங்கு இழப்பே ஏற்படுகிறது. வேலையும் குறையவில்லை, செலவான யூனிட்டும் குறையவில்லை. நேரம் பரவியதால் மட்டுமே வழியிழப்பு பாதியாகியிருக்கிறது.

அந்தந்த நொடியின் உற்பத்தி

மின்கட்டமைப்பு என்பது மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பிகளின் பெருவலை. அதில் மின்சாரத்தைப் போட்டு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு இழுக்கப்படுகிறதோ அவ்வளவு அந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். சமநிலை தவறினால், நொடிக்கு 50 முறை என்ற மாறுமின்னோட்டத்தின் துடிப்பு, அதாவது அதிர்வெண், விலகத் தொடங்கும். இந்தியக் கட்டமைப்பில் அது 49.90க்கும் 50.05க்கும் இடையே நிற்க வேண்டும் என்பது விதி.

தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அத்தகைய உச்சம் ஆண்டில் சில நாட்களில் சில மணி நேரமே நீடிக்கிறது என்றாலும், அந்தச் சில மணி நேரத்துக்காகவே மின்நிலையமும் மின்பாதையும் மின்மாற்றியும் அந்த அளவுக்குப் பெரிதாக இருந்தாக வேண்டும். பொங்கல் நெரிசலுக்காக மட்டுமே ஆண்டு முழுவதும் பணிமனையில் நிறுத்திவைக்கப்படும் பேருந்துக்கு எவ்வளவு செலவாகுமோ, உச்ச நேரத்துக்காக மட்டுமே காத்திருக்கும் மின்நிலையத்துக்கும் அப்படித்தான் செலவாகிறது. ஓடாத நாட்களின் வட்டியும் பராமரிப்பும் ஓடும் நாட்களின் சில யூனிட்டுகள் மேல் ஏறுகின்றன.

சொந்த உற்பத்தி போதாதபோது மின்வாரியம் மின்சாரச் சந்தையில் வாங்குகிறது. சந்தை விலை கட்டுக்கடங்காமல் ஏறாதிருக்க, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரலில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. கோடை மாலைகளில் விலை அந்த வரம்பு வரை ஏறுவதும், அதே நாள் நண்பகலில் அதில் ஒரு சிறு பகுதியாக இறங்குவதும் அடிக்கடி நிகழ்வதுதான். வீட்டுக்கு வரும் ரசீதில் தெரியாத மணிக்கணக்கு விலை, வாரியம் வாங்கும் இடத்தில் இப்படித் தெளிவாகவே இருக்கிறது.

சேமிப்பதற்குச் சுற்றுவழி ஒன்று உண்டு. ஆனைமலையில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையின் நீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும் நேரத்தில் அதைக் கீழே பாய்ச்சி 400 மெகாவாட் வரை உற்பத்தி செய்கிறது. ஏற்றுவதற்குச் செலவான மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ இந்தச் சுற்றுவழியில் இழக்கப்படும் என்றாலும், மாலை மின்சாரத்தின் மதிப்பு அந்த இழப்பை ஈடுசெய்துவிடுகிறது. 400 மெகாவாட் என்பது 2024ஆம் ஆண்டு உச்சத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை நினைத்தால், மலைகளும் அணைகளும் மட்டும் இந்தச் சிக்கலைத் தீர்க்கப் போதா என்பது விளங்கும்.

வீடுகளின் சுவிட்சுகள் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு பெரிய ஆற்றல் என்பதை நாடு ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 5 அன்று, கொரோனா ஊரடங்கின்போது, இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு விடுக்கப்பட்ட வேண்டுகோளை ஏற்று மக்கள் அணைத்தபோது, இந்தியாவின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. விளக்குகளை மட்டும் அணைத்தால் எவ்வளவு குறையும் என்று கட்டமைப்பை நடத்துவோர் முன்கூட்டியே மதிப்பிட்டிருந்ததைப் போல இது இருமடங்குக்கும் மேல். நீர்மின் நிலையங்களை மளமளவென்று இறக்கி, சில நிமிடங்களில் மீண்டும் ஏற்றித்தான் அன்று சமநிலை காக்கப்பட்டது. ஒரு வேண்டுகோளே இவ்வளவு செய்யுமானால், திட்டமிட்டுச் சிறுகச் சிறுக நகர்த்தினால் எவ்வளவு முடியும் என்று பொறியாளர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

வெயில் மாற்றிய நேரம்

பகலில் தேவை அதிகம், நள்ளிரவில் தேவை குறைவு, ஆகவே இரவு மின்சாரமே மலிவு என்பது நெடுங்காலமாக உண்மையாக இருந்தது. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகள் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பயன்படுத்தும் மின்சாரத்துக்கு 5 சதவீதத் தள்ளுபடி பெறுவதும், காலை மாலை உச்ச நேரங்களுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்துவதும் அந்தக் காலத்துச் சிந்தனையின் தொடர்ச்சி. உழவர்களின் இலவச இணைப்புகளுக்கு மும்முனை மின்சாரத்தை முறை வைத்து, பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமுமாகப் பாதைக்குப் பாதை மாற்றிக் கொடுத்துவந்ததும் சுமையைப் பரப்பும் ஏற்பாடுதான். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளின் கரும்புக்கும் மரவள்ளிக்கும் நீர் பாய்ச்சுவோர், டார்ச் விளக்குடன் இரவில் கிணற்றடிக்குச் சென்ற காலம் இன்னும் மறக்கப்படவில்லை. நுகர்வை உச்ச நேரத்திலிருந்து விலக்கி வேறு நேரத்துக்குக் கொண்டுபோவதைச் 'சுமை நகர்த்தல்' என்று அழைக்கலாம் என்றால், தமிழக உழவர்கள் அதைப் பரிசு எதுவும் இல்லாமல், தூக்கத்தையும் பாம்புக்கடி அச்சத்தையும் விலையாகக் கொடுத்து, பல ஆண்டுகள் செய்துவந்திருக்கின்றனர்.

சூரிய மின்சாரம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டது. 2025இல் தமிழ்நாட்டின் சூரிய மின்நிறுவுதிறன் சுமார் 10,000 மெகாவாட். காற்றாலைகளின் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சூரியத் தகடுகள் கொட்டிக் கொடுக்கும் மின்சாரம், சூரியன் சாயும் வேளையில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முற்றாக நின்றுபோகிறது. அதே வேளையில்தான் வேலை முடிந்து வீடு திரும்புவோர் விளக்கையும் விசிறியையும் தொலைக்காட்சியையும் போடுகின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் பாலக்காட்டுக் கணவாயும் மாலையிலும் கைகொடுக்கலாம். மார்ச், ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் அந்த உதவியும் இல்லை. ஆகவே, நகர்த்த வேண்டிய திசை இப்போது இரவை நோக்கி அல்லாமல் நண்பகலை நோக்கி இருக்கிறது.

எதை நகர்த்த முடியும்?

விளக்கை நண்பகலில் எரித்துவிட்டு மாலையில் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியாது. விசிறியின் காற்றும் அப்படித்தான். ஆனால் காலை 11 மணிக்கு மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிய நீர் இரவு 8 மணிக்கும் குழாயில் வரும். நண்பகலில் அரைத்த இட்லி மாவு மறுநாள் காலைக்கு நன்றாகவே புளித்திருக்கும். தேய்த்து மடித்த சட்டை அப்படியே இருக்கும். மின்ஸ்கூட்டரின் பேட்டரியும் இன்வெர்ட்டரின் பேட்டரியும் எப்போது ஏற்றினாலும் ஏற்றியதை வைத்திருக்கும். மின்சாரத்தைச் சேமிக்க முடியாவிட்டாலும் மின்சாரம் செய்து முடித்த வேலையைச் சேமிக்க முடியுமா என்பதே நகர்த்தக்கூடிய சுமையை அடையாளம் காணும் ஒரே சோதனை. அந்த வகையில் ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு சிறு காடம்பாறை.

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் குடிசை வீடுகள் வரை இந்தக் கருவிகளைக் கொண்டுசேர்த்தது. மூன்றில் ஒன்று, கிரைண்டர், தாராளமாக நகர்த்தக்கூடியது. மின்விசிறி நகர்த்தவே முடியாதது. சட்னி அரைக்கும் மிக்ஸியோ சமையல் நேரத்தோடு கட்டப்பட்டது. நகர்த்த முடியாதவற்றை மாலையில் போட்டதற்காக எவரையும் குறைசொல்வதில் நியாயம் இல்லை என்பதை இந்தச் சோதனையே சொல்லிவிடுகிறது.

எண்பது வீட்டுத் தெரு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது விளக்கத்துக்கு உதவும். 100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றிலிருந்து 80 வீடுகள் மின்சாரம் பெறுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். கே.வி.ஏ. என்பது மின்மாற்றி தாங்கும் சுமையின் அளவு. வீட்டுச் சுமையைப் பொறுத்தவரை அது 80 முதல் 90 கிலோவாட்டுக்குச் சமம் என்று கொண்டால் போதும்.

மாலை 6.30 முதல் 7.30 வரை ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, குளிர்பெட்டி ஆகியவை சேர்ந்து சராசரியாக 350 வாட் இழுத்தால், 80 வீட்டுக்கும் சேர்த்து 28 கிலோவாட். ஏ.சி. உள்ள எட்டு வீடுகள் ஒன்றரைக் கிலோவாட் வீதம் 12 கிலோவாட் சேர்க்கின்றன. உடலுழைப்பு முடித்து வந்தவர்களுக்காக ஆறு வீடுகளில் வெந்நீர் போடும் ஹீட்டர் 9 கிலோவாட். இதுவரை 49 கிலோவாட். இதில் எதையும் நகர்த்தச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது.

இனி நகர்த்தக்கூடியவை. 30 வீடுகளில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருக்கிறது. ஒவ்வொன்றும் அரைமணி நேரம் ஓடுவதால், எந்த ஒரு கணத்திலும் சராசரியாக 15 மோட்டார்கள் ஓடி, ஒன்றுக்கு ஒரு கிலோவாட் வீதம் 15 கிலோவாட் இழுக்கின்றன. 12 வீடுகளில் அரைமணி நேரம் துணி தேய்ப்பதால், ஒரே கணத்தில் ஆறு இஸ்திரிப் பெட்டிகள், 6 கிலோவாட். 20 வீடுகளின் கிரைண்டர்களில் ஒரே கணத்தில் பத்து, ஒன்றரைக் கிலோவாட். மொத்தம் 22.5 கிலோவாட். எல்லாம் சேர்ந்து 71.5 கிலோவாட்டைத் தொடும் தெரு, இன்னும் பத்து ஏ.சி. வந்தால் மின்மாற்றி தாங்காத எல்லையில் நிற்கிறது.

இந்த 22.5 கிலோவாட்டும் நண்பகலுக்குப் போய்விட்டால், மாலைச் சுமை 49 கிலோவாட்டுக்கு இறங்குகிறது. சுமை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் முன்பு சொன்ன இருமடி விதியின்படி, அந்த மணி நேரத்தில் கம்பியில் வீணாவது பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. கடைசிக் கம்பத்து வீட்டில் விசிறி மீண்டும் சுழல்கிறது. மின்மாற்றியை மாற்றாமல், புதுக்கம்பி இழுக்காமல் நடந்த சீரமைப்பு இது.

பணக்கணக்கு இவ்வளவு கவர்ச்சியாக இல்லை என்பதையும் மறைக்கக்கூடாது. ஒரு மணி நேரத்தில் நகர்ந்தது 22.5 யூனிட். வாரியம் மாலையில் 10 ரூபாய்க்கும் நண்பகலில் 3 ரூபாய்க்கும் வாங்கும் கடுங்கோடை நாள் என்று கொண்டால் யூனிட்டுக்கு 7 ரூபாய், ஆக நாளுக்கு 157 ரூபாய் 50 காசு மிச்சம். 60 நாளும் அப்படியே இருந்தால் 9,450 ரூபாய். அதில் பாதியை வாரியம் பரிசாகத் திருப்பிக் கொடுத்தால், அரை யூனிட் மோட்டாரை மட்டும் நகர்த்திய வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 105 ரூபாய் கிடைக்கும். எல்லா மாதமும் கடுங்கோடை அல்ல என்பதால் உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பூச்சியத்தின் மேல் தள்ளுபடி

2023 ஜூனில் மத்திய அரசு மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, 'நேரவாரிக் கட்டணம்' என்ற முறையை நாடெங்கும் கொண்டுவர வழிவகுத்தது. சூரிய மின்சாரம் கிடைக்கும் எட்டு மணி நேரத்தில் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் ஆலைகளுக்கும் வணிகர்களுக்கும் குறைந்தது 20 சதவீதமும் மற்றவர்களுக்குக் குறைந்தது 10 சதவீதமும் கூடுதலாகவும் கட்டணம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விவசாய இணைப்புகளுக்கு விலக்கு உண்டு. வீடுகளைப் பொறுத்தவரை, எந்த நேரத்தில் எவ்வளவு செலவானது என்பதைக் குறுகிய இடைவெளிகளில் பதிவுசெய்யும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட பிறகே இது நடைமுறைக்கு வர முடியும்.

அண்டை மாநிலமான கேரளம் ஒருபடி முன்னே சென்று, 2025 முதல் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடுகளுக்கு, காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைத்தும், மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூட்டியும் கட்டணம் வாங்குகிறது. ஒரு யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால், மாலையில் 6 ரூபாய் 25 காசு, பகலில் 4 ரூபாய் 50 காசு. மாலையிலிருந்து பகலுக்கு மாற்றும் ஒவ்வொரு யூனிட்டும் 1 ரூபாய் 75 காசு மிச்சம் தருகிறது.

இதை அப்படியே கருணாபுரத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தபோது, அன்றாடக் கூலியில் வாழும் குடும்பங்கள் நிறைந்த பகுதியாக அது நாடெங்கும் அறியப்பட்டது. இத்தகைய குடும்பங்களில் பலவற்றின் நுகர்வு, 2016 முதல் தமிழ்நாட்டின் எல்லா வீடுகளுக்கும் இலவசமாக்கப்பட்ட இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்ற எல்லையை ஒட்டியே இருக்கக்கூடும். இலவச யூனிட்டின் விலை பூச்சியம். பூச்சியத்தில் 20 சதவீதத் தள்ளுபடியும் பூச்சியமே. 25 சதவீதக் கூடுதலும் பூச்சியமே. மோட்டாரை நண்பகலுக்கு மாற்றிய இலவச வரம்பு வீடு, தெருவின் அழுத்தத்தை உயர்த்துவதில் ஏ.சி. வீட்டுக்கு இணையான பங்காற்றினாலும், நேரவாரிக் கட்டணத்தால் அதற்கு ஒரு காசும் கிடைக்காது.

ஆகவே, தமிழ்நாட்டின் சூழலில் கட்டணத்தை ஏற்றி இறக்குவதைவிட, நகர்த்திய யூனிட்டுக்குத் தனியாகப் பரிசு கொடுப்பதே பொருத்தமானது என்று வாதிடுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பரிசு, விலையைச் சார்ந்து நிற்பதில்லை. இலவச வரம்பில் இருப்பவரையும் அது எட்டும். மாலைக் கட்டணத்தை ஏற்றினால், நகர்த்த எதுவும் இல்லாத, அதாவது இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் மட்டுமே உள்ள வீடு இலவச வரம்பை ஒருமுறை தாண்டினாலும் தண்டம் கட்ட நேரிடும். பரிசு முறையில் அந்த வீட்டுக்கு ஆதாயம் இல்லாமல் போகலாம், இழப்பு இராது.

செலவழிக்காத யூனிட்டை அளப்பது

பரிசு முறைக்கு ஒரு கடினமான பக்கம் உண்டு. செலவழித்த யூனிட்டை மீட்டர் காட்டும். செலவழிக்காத யூனிட்டை எது காட்டும்? பிரிட்டனின் மின்கட்டமைப்பு நிறுவனம் 2022–23 குளிர்காலத்தில் இதை நாடளாவிய அளவில் செய்து பார்த்தது. நெருக்கடி வரக்கூடிய மாலைகளில் முன்னறிவிப்புச் செய்து, குறிப்பிட்ட நேரத்தில் நுகர்வைக் குறைப்போருக்காக, மின்சாரம் வழங்கும் நிறுவனங்கள் வழியாக யூனிட்டுக்கு 3 பவுண்டு என்ற உறுதிவிலையைப் பல முறை கொடுத்தது. 16 லட்சம் வீடுகளும் வணிக நிறுவனங்களும் பங்கேற்று, 33 லட்சம் யூனிட்டுக்கு மேல் குறைத்தன. ஒவ்வொரு வீடும் முந்தைய வாரநாட்களில் அதே நேரத்தில் சராசரியாக எவ்வளவு இழுத்தது என்பதை 'வழக்க அளவு' என்று வைத்து, அதற்கும் அன்றைய நுகர்வுக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பணம் கணக்கிடப்பட்டது.

வழக்க அளவு என்ற இந்த எண், கொள்கையளவில் நல்லது. தெருவில் இறங்கும்போது சிக்கலானது. நேற்று வரை தாராளமாகச் செலவழித்தவருக்குக் குறைக்க நிறைய இருக்கும், பரிசும் நிறைய. முதலிலிருந்தே சிக்கனமாக இருந்தவருக்குக் குறைக்க எதுவும் இல்லை. திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டியவர் எதையும் நகர்த்தாமலே பரிசு பெறுவார். விருந்தாளி வந்த வீடு, மோட்டாரை ஒழுங்காகப் பகலில் போட்டும் பரிசை இழக்கும்.

தனி வீட்டில் இப்படித் தாறுமாறாக ஏறி இறங்கும் அளவு, 80 வீடுகளைக் கூட்டிப் பார்க்கும்போது அமைதியடைகிறது. ஒரு வீட்டு விருந்தும் இன்னொரு வீட்டுப் பூட்டும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்கின்றன. ஆகவே, வீட்டு வாசலில் அளப்பதைவிட மின்மாற்றியில் அளந்து, தெருவுக்கே பரிசு கொடுப்பது கணக்கில் துல்லியமாகவும், நீதியில் சிறந்ததாகவும் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு மின்மாற்றிக்கு ஒரு மீட்டர் போதும். மேலே கண்ட தெருவின் பங்கு, கடுங்கோடைக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 4,725 ரூபாய். 80 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 59 ரூபாயாகக் கரைந்துபோகும் இந்தத் தொகை, ஒன்றாக இருந்தால் தெருவின் பொதுக் குழாயையோ நூலகத்தையோ பராமரிக்க உதவும். சுவிட்சைப் போடும் நேரம் வீட்டில் பெரும்பாலும் பெண்களின் கையில் இருப்பதால், மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் இந்தக் கணக்கை ஒப்படைப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எவ்வாறு பரிசளித்தாலும் ஓர் ஆபத்தை முன்கூட்டியே தவிர்க்க வேண்டும். உச்ச நேரம் இரவு 10 மணிக்கு முடிகிறது என்று அறிவித்தவுடன், 30 வீடுகளும் சரியாகப் பத்து மணிக்கு மோட்டாரைப் போட்டால், முன்பு ஒரே கணத்தில் 15 ஆக இருந்தது 30 ஆகி, தூங்கப் போகும் நேரத்தில் புதிய உச்சம் முளைக்கும். இதை 'மறு உச்சம்' எனலாம். தெருவுக்குத் தெரு நேரத்தைச் சற்று மாற்றி அறிவிப்பதும், நகர்த்தும் நேரத்தை இரவில் அல்லாமல் பரந்த பகற்பொழுதில் வைப்பதும் இதற்கு மாற்று.

தொட்டிகளின் மோட்டார்

பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் மோட்டாரை யார் போடுவது என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. மலைச் சிற்றூர்களுக்கோ அந்தக் கேள்வியே பொருந்தாது. கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர் சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடக்கும் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் வீட்டுக்கு வீடு நகர்த்தத்தக்க சுமை மிகச் சிறிது; அங்கு நீண்ட கம்பியின் அழுத்தக் குறைவை வீட்டாரின் பழக்கத்தை மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஆனால் நகராட்சிக்கும் சரி, மலை ஊராட்சிக்கும் சரி, பொதுவாக ஒன்று இருக்கிறது: குடிநீர் மேல்நிலைத் தொட்டி.

ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு, 60 மீட்டர் ஆழத்திலிருந்து 15 மீட்டர் உயரத்துக்கு, ஆக மொத்தம் 75 மீட்டர் நீர் ஏற்ற வேண்டும் என்று கொண்டால், எந்த இழப்பும் இல்லாத நிலையிலேயே 20 யூனிட் தேவை. மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதித் திறனோடு இயங்குவதால் உண்மையில் சுமார் 40 யூனிட் செலவாகும். எண்பது வீட்டுத் தெருவின் எல்லா மோட்டார்களும் இஸ்திரிப் பெட்டிகளும் கிரைண்டர்களும் சேர்ந்து நகர்த்திய 22.5 யூனிட்டைவிட இந்த ஒரு தொட்டி நகர்த்தக்கூடியது அதிகம். எந்தக் குடும்பத்தின் பழக்கமும் மாற வேண்டியதில்லை. தொட்டி இயக்குபவர் அதிகாலையிலும் மாலையிலும் போடும் மோட்டாரைக் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் போட்டால் முடிந்தது.

அதற்குத் தொட்டி ஒருநாள் தேவையைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாகவும், ஒழுகாமலும், நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்சோடும் இருக்க வேண்டும். பல ஊர்களில் தொட்டி சிறியது என்பதாலேயே ஒரு நாளில் இரண்டு மூன்று முறை ஏற்ற நேர்கிறது. அத்தகைய இடங்களில் பரிசுத் தொகையின் முதல் பயன், இரண்டாவது தொட்டி கட்டுவதாக இருக்கலாம். மின்கட்டணத்தை ஊராட்சியே தன் நிதியிலிருந்து செலுத்துவதால், நேரவாரித் தள்ளுபடியும் பரிசும் இங்கே இலவச வரம்பில் கரையாமல் நேராக ஊராட்சியின் கணக்கில் சேரும்.